அத்தியாயம் 6: வகுப்பு முடிந்த பிறகு தொடங்கும் வேலை

ஏதாவது ஒரு கோடை முகாமின் கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். காலை 9 மணிக்கு வகுப்பு, 11 மணிக்குத் தேநீர், 1 மணிக்குச் சாப்பாடு, 4.30-க்கு வகுப்பு முடிவு என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு விளையாட்டு, இரவு உணவு, உறக்கம் என்று மூன்றே வரியில் நாள் முடிந்துவிடும். விடுதிப் பொறுப்பாளராகச் சேரும் உங்களுக்கு முழு வேலையும் அந்த மூன்று வரிக்குள்தான் இருக்கிறது. மாலை 4.30-லிருந்து மறுநாள் காலை 9 மணிவரை பதினாறரை மணி நேரம். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுவதும், வீட்டு நினைவில் அழுகை வருவதும், சண்டை மூள்வதும், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வாய் திறப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

மே மாதத்தில் கல்லூரி விடுதிகள் காலியாகக் கிடக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் விடுமுறை. இரண்டும் ஒத்து வருவதால் அறிவியல், கணிதம், நாடகம், கூடைப்பந்து, மலையேற்றம் என எல்லாவற்றுக்கும் தங்கும் முகாம்கள் இந்தக் காலத்தில் நடக்கின்றன. இஸ்ரோ 2019-இல் தொடங்கிய யுவிகா திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பல மாநிலங்களிலிருந்து வந்து இஸ்ரோ மையங்களில் ஏறத்தாழ இரண்டு வாரம் தங்குகிறார்கள். அமெரிக்காவில் ஆர்னால்டு ராஸ் 1957-இல் நாட்டர்டாம் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1964-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்ற கணித முகாமில் பிள்ளைகள் தூங்கும் கட்டடத்திலேயே ஆலோசகர்களும் தங்குவார்கள். அவர்களில் பலர் முந்தைய ஆண்டுகளில் அங்கே மாணவர்களாக வந்து போனவர்கள். பிள்ளைகளைவிட ஐந்தாறு வயதே மூத்த ஒருவர் கூடவே தங்கும் ஏற்பாடு அங்கும் இங்கும் ஒன்றுதான். நம் ஊரில் அவரை அண்ணா என்றோ அக்கா என்றோ கூப்பிடுவார்கள்.

ஒரு கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் பாடம் நடத்துகிறவரையே இரவில் மாடியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் முகாம்களில் இரண்டு வேலையும் கெடுகிறது. பகலெல்லாம் நின்று பேசிய ஆள் இரவு 11 மணிக்கு வராண்டாவில் விசும்பல் கேட்டால் எழுந்திருக்க மாட்டார். எழுந்தாலும் பொறுமை இருக்காது. இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

முகாம் நடத்துபவர் சான்றிதழைப் பற்றியும் தங்கும் இடத்தின் குளிர்ச்சியைப் பற்றியும் சொல்வார். ஓர் ஆளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று நீங்கள் கேளுங்கள். இரவு தங்கும் முகாம்களில் 9 முதல் 14 வயதுவரை எட்டுப் பேருக்கு ஒருவர், 15 முதல் 18 வயதுவரை பத்துப் பேருக்கு ஒருவர் என்பது அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவு. நம்மிடம் நாற்பது பிள்ளைகளை ஒரு வார்டன் தலையில் கட்டுவது அரிதல்ல. பதினைந்துக்கு மேல் போனால் இன்னொருவரைக் கேளுங்கள். தர முடியாது என்றால் அந்த வேலை வேண்டாம். ஒரே இரவில் இரண்டு பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மற்ற முப்பத்தெட்டுப் பேரை யார் பார்ப்பது?

பெண் பிள்ளைகள் தங்கும் தளத்தில் பெண் பொறுப்பாளர் உறங்குகிறாரா? இரவில் ஓட்டுநரோடு ஒரு வண்டி வளாகத்திலேயே நிற்குமா? நள்ளிரவில் முடிவெடுக்க வேண்டியவர் யார், அவர் எங்கே தூங்குகிறார்? சம்பளம் எவ்வளவு, நாளில் எந்த நேரம் உங்களுக்கு ஓய்வு? இவற்றை எழுத்தில் வாங்குங்கள். உங்களைப் பற்றி யாரிடமும் விசாரிக்காமல், முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் முகாம், மற்ற ஊழியர்களையும் அப்படித்தான் சேர்த்திருக்கும். பிள்ளைகளோடு ஒரே கூரைக்குக் கீழே தூங்கப் போகும் ஆட்களைப் பற்றி விசாரிக்காதது சின்னக் குறை அல்ல.

பிள்ளைகள் வருவதற்கு முந்தைய இரவு

கட்டடத்தைப் பகலில் சுற்றிக் காட்டுவார்கள். அது போதாது. இரவில், விளக்குகளை அணைத்துவிட்டு, ஒவ்வொரு அறையிலிருந்தும் கழிப்பறைவரை நடந்து பாருங்கள். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி நள்ளிரவு 2 மணிக்குத் தனியாக அந்த வழியில் போவாளா? போக மாட்டாள் என்று தோன்றினால் பல்பு போடச் சொல்லுங்கள். பயத்தில் சிறுநீரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே மாலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. கழிப்பறைக் கதவின் உள்தாழ்ப்பாள், மொட்டைமாடிக் கதவு, கைப்பிடிச் சுவரின் உயரம், தரைத்தொட்டியின் மூடி, வளாகத்துக்குள் திறந்த கிணறு இருக்கிறதா என்பது எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். மோட்டார் எப்போது போடுவார்கள், அதன் ஸ்விட்ச் எங்கே என்று கேட்டு வையுங்கள். காலை 6.30-லிருந்து 7.30-க்குள் நாற்பது பேர் குளிக்க வேண்டும். தொட்டி வற்றினால் அன்றைய நாள் முழுவதும் சண்டையில் போகும்.

அடுத்தது பூட்டு. இரவில் விடுதியின் இரும்புக் கிரில்லை வெளியிலிருந்து பூட்டிச் சாவியைக் காவலாளி எடுத்துக்கொண்டு போகும் வழக்கம் பல விடுதிகளில் இருக்கிறது. பாதுகாப்புக்காக என்பார்கள். 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரை பற்றி எரிந்தபோது தப்பிக்க அவர்களுக்குக் குறுகலான படிக்கட்டுதான் இருந்தது. ஆகவே உள்ளிருந்து திறக்க முடியாத எந்தக் கதவுக்கும் நீங்கள் சம்மதிக்காதீர்கள். பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உள்பக்கமாகப் பூட்டுங்கள். சாவி உங்கள் கழுத்தில் தொங்கட்டும், இன்னொன்று அதே தளத்தில் இன்னொரு பொறுப்பாளரிடம் இருக்கட்டும். இதில் மட்டும் நிர்வாகத்தோடு மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை.

பிறகு உடல்நலப் படிவங்கள். அலுவலகக் கோப்பில் தூங்க விடாமல் ஒவ்வொன்றையும் படித்து, உங்கள் பிள்ளைகளுக்கு உரியதைச் சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, ஒவ்வாமை, தூக்கத்தில் நடப்பது, படுக்கையில் சிறுநீர் போவது. வீட்டார் எழுதத் தயங்கும் விஷயங்களும் இவைதான். பிள்ளையை விட வரும்போது தாயாரைத் தனியாக அழைத்து, “ராத்திரியில நாங்க தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்டால் படிவத்தில் இல்லாதது வெளியே வரும். இன்ஹேலர் பிள்ளையிடமே இருக்க வேண்டும். அதை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டுவது ஆபத்து.

அறை ஒதுக்குவது பற்றியும் யோசித்து வையுங்கள். ஒரே பள்ளி, ஒரே ஊர்ப் பிள்ளைகளை ஒன்றாகப் போட்டால் முதல் நாள் சுலபமாகப் போகும், மற்ற நாள்கள் குழுச் சண்டையாகும். இருவரைச் சேர்த்து, மற்றவர்களைக் கலந்து போடுங்கள். தெரிந்த முகம் ஒன்று இருக்கும், கோட்டை கட்ட ஆள் போதாது. முதல் இரவிலேயே ‘எந்த ஊரு, எந்தத் தெரு’ என்று விசாரணை தொடங்கும். அது எதற்கான விசாரணை என்று நம் எல்லோருக்கும் தெரியும். 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு தமிழக அரசு நீதிபதி கே.சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. 2024-இல் வந்த அதன் அறிக்கை, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. முகாமுக்கும் அதே விதியைப் போடுங்கள். விதி எல்லோருக்கும் பொது என்பதால் எந்தப் பிள்ளையும் தனியாகக் குறிவைக்கப்பட்டதாக உணராது.

முதல் மாலை

வாசலில் பெற்றோர் விடைபெறும் நேரத்தில் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். “பிடிக்கலைன்னா ஒரு போன் பண்ணு கண்ணு, அப்பா உடனே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்” என்று ஒரு தந்தை சொல்வார். பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த வாக்குறுதியே பிள்ளையை முகாமில் ஒட்டவிடாமல் செய்யும். கிறிஸ்டோபர் தர்பரும் எட்வர்ட் வால்டனும் 2007-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வீட்டு ஏக்கம் பற்றி எழுதிய கட்டுரையில், இப்படி உறுதி கொடுக்க வேண்டாம் என்று பெற்றோருக்குச் சொல்கிறார்கள். உன்னால் தாக்குப்பிடிக்க முடியாது என்று வீட்டாரே நினைப்பதாகப் பிள்ளை அதைப் புரிந்துகொள்கிறது. முகாமுக்குப் பத்து நாள் முன்பே பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் இதை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் உங்கள் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரும் உங்களுக்கு வந்துவிட வேண்டும். பட்டியலைப் பார்த்துக் கூப்பிடுகிறவரிடம் எந்தப் பிள்ளையும் வயிற்றுவலி என்று சொல்லாது. விதிகளை ஐந்துக்கு மேல் சொல்லாதீர்கள். அந்த ஐந்தையும் கடைசி நாள்வரை மாற்றாதீர்கள். என் ஐந்து இவை: சொல்லாமல் வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. பிறர் அறைக்குள் அவர்கள் சம்மதமில்லாமல் நுழையக்கூடாது. யாரையும் அடிக்கக்கூடாது. விளக்கணைத்த பிறகு மற்றவர் தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது. உடம்புக்கு முடியவில்லை என்றால் எந்த நேரமானாலும் என் கதவைத் தட்ட வேண்டும். கடைசி விதியை மூன்று முறை சொல்லுங்கள். தட்டினால் திட்டு விழும் என்று நினைத்தே பல பிள்ளைகள் விடியும்வரை காய்ச்சலோடு படுத்திருக்கும்.

நாலரை மணிக்குப் பிறகு

அட்டவணையில் ‘விளையாட்டு’ என்று இருக்கும் நேரம். பந்து விளையாடத் தெரிந்தவர்களுக்கு அது சொர்க்கம். தெரியாதவர்கள் அந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் கழிப்பறைக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருப்பார்கள். உங்கள் கண் அவர்கள் மேல் இருக்க வேண்டும். தனியாக இருக்கும் எல்லாப் பிள்ளையும் வருத்தத்தில் இல்லை. சிலருக்குப் புத்தகமும் மரநிழலும் போதும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பக்கத்தில் போய் உட்காருங்கள். தனிமை பிடித்த பிள்ளை இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பும். தவிப்பில் இருக்கும் பிள்ளை நீங்கள் எழுந்திருக்கும்வரை பேசும். இரண்டாமவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: கேரம் போட்டிக்குப் பெயர் எழுதுவது, மெஸ்ஸில் தட்டு எண்ணுவது, மைக் பிடிப்பது. வேலை இருக்கிறவருக்கு நிற்க ஓர் இடம் கிடைத்துவிடும்.

செல்போனைப் பற்றி முகாமுக்கு முகாம் சண்டை. பத்து நாளும் வாங்கிப் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாலையில் ஒரு மணி நேரம் கொடுத்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் பெயர் எழுதிய உறையில் வாங்கி வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. வீட்டுக்குப் பேசும் நேரமும் அதுவே. படுக்கப்போகும் முன் பேசினால் அழுகை வரும், வெளிச்சத்தில் பேசினால் பெரும்பாலும் வராது. “தம்பி, அவன் சாப்பிட்டானா?” என்று உங்களுக்கு இரவு 10 மணிக்கு அழைக்கும் தாயாரிடம் சலித்துக்கொள்ளாதீர்கள். “ரெண்டு தோசை சாப்பிட்டாம்மா, சட்னி வேணும்னு கேட்டு வாங்கினான்” என்று சொல்லத் தெரிய வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு தட்டையும் பார்த்திருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

இரவு

13 முதல் 18 வயதுவரை எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது 2016-இல் அமெரிக்க உறக்க மருத்துவ அகாதெமி வெளியிட்ட அளவு. இந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் உடம்பில் தாமதமாகவே சுரக்கிறது. ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தால் பிள்ளைகள் தூங்காமல் புரள்வது உங்களை எதிர்ப்பதற்காக அல்ல. 10.30-க்கு விளக்கணைத்து, 6.30-க்கு எழுப்பினால் எட்டு மணி நேரம் கிடைக்கும். காலை 5 மணிக்கு யோகா என்று அட்டவணை சொன்னால், நிர்வாகத்திடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். தூக்கம் குறைந்த முகாமில் நான்காம் நாளிலிருந்து காய்ச்சலும் சண்டையும் ஒன்றாகக் கிளம்பும்.

விளக்கணைக்கும் முன் அறை அறையாகப் போய் ஒவ்வொரு முகத்தையும் கண்ணால் பார்த்து எண்ணுங்கள். போர்வைக்குள் இருப்பது தலையணையா தலையா என்று தெரிய வேண்டும். ‘எல்லோரும் இருக்கோம் அண்ணா’ என்ற குரலை வைத்துக் கணக்கு முடிக்காதீர்கள். நள்ளிரவில் ஒரு முறை, விடியலுக்கு முன் ஒரு முறை வராண்டாவில் நடந்துவிட்டு வாருங்கள். டார்ச் வெளிச்சத்தைத் தரையில் அடியுங்கள், முகத்தில் அடிக்காதீர்கள். அறைக்குள் போக வேண்டியிருந்தால் இன்னொரு பொறுப்பாளரை அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையோடு மூடிய கதவுக்குள் தனியாக எந்த நேரத்திலும் இருக்கக்கூடாது. பேச வேண்டுமா, வராண்டா விளக்கின் கீழே, பிறர் பார்க்கும்படி, பேச்சு கேட்காத தூரத்தில் உட்காருங்கள். பிள்ளைக்கும் உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

வீட்டு ஏக்கம் இரண்டாம், மூன்றாம் இரவுகளில் உச்சத்துக்குப் போவதை அடிக்கடி பார்க்கலாம். முதல் இரவில் புதுமை தாங்கிப் பிடிக்கும். “அக்கா, எனக்கு வீட்டுக்குப் போகணும்” என்று வந்து நிற்கும் பெண்ணிடம் “இவ்ளோ பெரிய பொண்ணு அழலாமா?” என்று கேட்டால் அவள் போய்ப் படுத்துத் தலையணைக்குள் அழுவாள், மறுபடி உங்களிடம் வர மாட்டாள். “ஆமா, கஷ்டமாத்தான் இருக்கும். வீட்டுல இந்நேரம் என்ன பண்ணிட்டு இருப்பாங்க?” என்று கேளுங்கள். பாட்டி, நாய்க்குட்டி, தம்பி என்று அவள் சொல்லிக்கொண்டே வருவாள். கேளுங்கள், திசை திருப்பாதீர்கள். பேசி ஓய்ந்ததும் நாளைக் காலைக்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்யுங்கள்: குளிக்க யாரோடு போவது, காலை டிபனுக்கு எங்கே உட்காருவது. பகலில் சாப்பாடும் இறங்காமல், வகுப்பிலும் உட்கார முடியாமல் இரண்டு மூன்று நாள் போனால்தான் பெற்றோரோடு பேசி முடிவெடுக்க வேண்டிய நிலை. அப்படி ஒரு பிள்ளை வீட்டுக்குப் போனால் தோல்வி என்ற சொல் யார் வாயிலும் வரக்கூடாது.

படுக்கை நனைவது பற்றி யாரும் பேசமாட்டார்கள், ஆகவே நான் பேசுகிறேன். 15 வயதிலும் நூற்றில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு இது இருக்கிறது. விடிகாலையில் ஒரு பையன் சுருட்டிய போர்வையோடு வராண்டாவில் நின்றால் ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். மாற்று விரிப்பு உங்கள் அறையில் தயாராக இருக்கட்டும். நனைந்ததை நீங்களே வாங்கி, மற்ற துணிகளோடு சேர்த்து அலசப் போட்டுவிடுங்கள். எல்லாப் படுக்கைக்கும் முதல் நாளே பிளாஸ்டிக் விரிப்பு போட்டுவிட்டால் யாருடையது என்ற பேச்சே எழாது. பெண் பிள்ளைகள் தளத்தில் நாப்கின்களை ஒவ்வொரு கழிப்பறையிலும் பெட்டியில் வையுங்கள், கேட்டு வாங்கும் நிலை வேண்டாம். முதல் மாதவிடாய் முகாமிலேயே வருவதுண்டு. அப்போது அந்தப் பெண்ணுக்குத் தேவை வெந்நீரும், பதற்றமில்லாத ஓர் அக்காவும், அம்மாவோடு போனில் பத்து நிமிடமும்.

‘யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?’

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்பதை முகாமுக்குப் போகும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ‘சத்தியமா சொல்ல மாட்டேன்’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். “உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா நான் சொல்லியாகணும். ஆனா உன்கிட்ட சொல்லாம யார்கிட்டயும் போக மாட்டேன்” என்று சொல்லுங்கள். இதைக் கேட்டு வாயை மூடிக்கொள்ளும் பிள்ளையும் மறுநாள் வந்து சொல்லும்.

18 வயது நிறையாத எவர் மீதும் நடக்கும் பாலியல் குற்றத்தை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கையாள்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல்துறைக்கோ தெரிவிப்பது 19-ஆம் பிரிவின்படி ஒவ்வொருவரின் கடமை. தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டுவரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குப் போட முடியாது. ‘முகாமுக்குப் பெயர் கெட்டுவிடும், நாமே பேசித் தீர்த்துக்கொள்வோம்’ என்று நிர்வாகி சொன்னால் உங்கள் கடமை அதோடு தீராது. நீங்களே தெரிவிக்கலாம், தெரிவிக்க வேண்டும். 1098 சிறார் உதவி எண்.

அந்தப் பிள்ளையிடம் விசாரணை நடத்துவது உங்கள் வேலை அல்ல. என்ன நடந்தது என்று அது சொல்வதைக் கேளுங்கள். எப்போது, எத்தனை முறை, ஏன் கத்தவில்லை என்று குடையாதீர்கள். “நீ சொன்னது நல்லது. இதுல உன் தப்பு எதுவும் இல்லை” என்பது போதும். பிறகு அது சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, தேதியும் நேரமும் போட்டு வையுங்கள். மற்ற பொறுப்பாளர்களிடம்கூடப் பெயரைச் சொல்லாதீர்கள். கையில் வெட்டுத் தழும்புகளைப் பார்த்தாலோ, சாகலாம் போலிருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னாலோ அன்று இரவு அதைத் தனியே விடக்கூடாது. டெலி மானஸ் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் ஆலோசகர் கிடைப்பார். நிர்வாகிக்கும் வீட்டாருக்கும் உடனே தெரிய வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. ஒரு பெண்ணும் பையனும் மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள், சீட்டு எழுதிக்கொண்டார்கள் என்பதை நீங்கள் போனில் சொன்னால், அந்தப் பெண்ணின் படிப்பே அதோடு நிற்கக்கூடிய வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. சீட்டைப் பிடுங்கி எல்லோர் முன்னும் படிப்பது கொடுமை. இருவரையும் தனித்தனியே அழைத்து, எந்த இடத்தில் எந்த நேரத்தில் இருக்கக்கூடாது என்ற எல்லையைத் தெளிவாகச் சொல்லுங்கள். கட்டாயமோ மிரட்டலோ படமெடுத்து வைத்தலோ உடல் தொடர்போ இருப்பதாகத் தெரிந்தால் விஷயம் வேறு. அது மேலே சொன்ன சட்டத்தின் கீழ் வரும்.

உடம்பு

முதலுதவி பற்றிய தனி அத்தியாயம் பின்னால் வருகிறது. முகாமில் தவறாகவே செய்யப்படும் சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்க நாலு பேர் ஓடி வருவார்கள். விடாதீர்கள். அதனால் பயனில்லை. சுற்றியுள்ள பொருள்களை நகர்த்தி, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதும் கீறுவதும் கூடாது. கடித்த காலை அசைக்காமல் நச்சுமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அந்த மருத்துவமனை எது என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கலக்கும்போது பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது, சின்னது 200 மில்லிக்கானது. பெரியதை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து கொடுத்தால் உப்பு அதிகமாகி நிலைமை மோசமாகும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், புரூஃபன் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். கத்திரி வெயிலில் 11 மணிமுதல் 4 மணிவரை மைதானத்தைப் பூட்டுங்கள். வெயிலில் நின்ற பிள்ளை குழப்பமாகப் பேசினாலோ தள்ளாடினாலோ நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். ஓட்டத் தண்டனை, வெயிலில் முட்டி போடவைத்தல், சாப்பாட்டை நிறுத்துதல் எதுவும் உங்கள் தளத்தில் நடக்கக்கூடாது. யார் உத்தரவிட்டாலும் சரி.

உங்கள் உறக்கம், கடைசி நாள்

இரவு விழித்த பொறுப்பாளர் மறுநாள் பகலில் நான்கு மணி நேரமாவது தூங்க வேண்டும். தூங்காமல் சிரித்துக்கொண்டு சுற்றுவதை அர்ப்பணிப்பு என்று பாராட்டும் முகாம்களில் ஐந்தாம் நாள் யாராவது ஒரு பிள்ளையை அறைந்துவிடுகிறார்கள். முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். இரவு விழித்தவரை அருவிக்குப் பிள்ளைகளோடு அனுப்பாதீர்கள். நீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை. தூக்கக் கண்ணுக்கு அது தெரியாது.

கடைசி நாளில் போன் எண்ணும் இன்ஸ்டாகிராம் பெயரும் கேட்டு உங்களைச் சூழ்ந்துகொள்வார்கள். கொடுக்காதீர்கள். முகாமின் பொது எண்ணைக் கொடுத்து, அதன் வழியே எழுதச் சொல்லுங்கள். அன்பு குறைந்து இப்படிச் செய்யவில்லை என்று அவர்களிடமே சொல்லலாம், புரிந்துகொள்கிற வயதுதான். படிவத்தில் பெயர் எழுதியிருக்கும் ஆளைத் தவிர வேறு யாரோடும் எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள். சித்தப்பா என்று சொல்லி வந்தாலும் வீட்டுக்கு ஒரு போன்.

வீடு போய்த் தூங்கி எழுந்ததும் நான்கு பக்கம் எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள். எந்தக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, எத்தனை மணிக்குத் தண்ணீர் தீர்ந்தது, எந்த மருத்துவமனையில் இரவில் மருத்துவர் இருந்தார், எந்த அட்டவணை பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்தது. பிள்ளைகளின் பெயரை மட்டும் அதில் எழுத வேண்டாம். அடுத்த மே மாதம் உங்கள் அறைக்கு வரப்போகும் அண்ணாவுக்கோ அக்காவுக்கோ இதையெல்லாம் சொல்ல வேறு ஆளில்லை. தவறாமல் எழுதிக் கொடுங்கள்.